காற்றும் நீரும் கொங்கு நாடும்

1932-ஆம் வருஷத்தில் நீலகிரி மலையில் பைகாரா மின்சாரம் பிறந்தது. மலையினின்று வீழ்ந்த அந்நீரே கோயமுத்தூர் ஆலைகளின் கதிர்களைச் சுழற்றியது. கமலை இறைத்த கிணறுகளில் மோட்டார் பம்புகளை அமர்த்தியது. கொங்கு நாட்டின் இன்றைய செல்வத்திற்கு அதுவே வித்து என்றால் மிகையாகாது. ஆனால், மழையை நம்பிய சக்தி மழை பொய்க்கும்போது என்னாகும் என்ற கேள்வியும் அதனுடனேயே பிறந்தது.

இயற்கை இதற்கு ஒரு விடையும் வைத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்கு வழிவிட்டு நிற்கிறது. தென்மேற்குப் பருவம் மழையை மலையாள நாட்டில் கொட்டிவிட்டு, காற்றையே பெரிதும் நமக்கு அனுப்புகிறது. வைகாசி முதல் புரட்டாசி வரை பல்லடம், உடுமலைப்பேட்டை பக்கங்களில் வீசும் அக்காற்றை 1990-களிலிருந்து நம் மில் முதலாளிகள் மின்சாரமாக்கி வருகின்றனர். எனினும் காற்று மிகுந்தபோது மின்சாரத்தை ஏற்க இயலாமல் காற்றாலைகளை நிறுத்தியதும், 2012-ல் காற்று ஓய்ந்த மாதங்களில் மணிக்கணக்கான மின்வெட்டால் விசைத்தறிகள் முடங்கியதும் நாம் கண்டவையே.

கிணற்றின் கதை இதனினும் துயரமானது. 1990-ல் விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. அதை நாம் குறை கூறோம். கடனில் மூழ்கிய குடியானவனுக்கு அது உயிர்ப்பிச்சை. ஆயினும் நிலத்தடி நீர் கீழே செல்லச் செல்ல, ஒரே நீரை இறைக்க மின்சாரம் அதிகம் வேண்டும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய வருஷத்தில் அணைகளில் மின்சாரம் குறைகிறது. ஆழ்துளைக் கிணறுகளோ அதிகம் கேட்கின்றன. வறட்சி என்பது தண்ணீர்ப் பஞ்சம் மட்டுமன்று. மின்சாரப் பஞ்சமும் அதுவே.

ஆகவே காற்று, நீர், வெயில் மூன்றையும் ஒரே கணக்கில் எழுத வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். மிஞ்சிய மின்சாரத்தால் நீரை மேலணைக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் பெறும் 500 மெகாவாட் குந்தாத் திட்டம் அக்கணக்கின் ஒரு வரி. காற்று மிகுந்த இடங்களில் நிற்கும் பழைய சிறு காற்றாலைகளைப் புதுப்பிக்க ராஜ்ய சர்க்கார் 2024-ல் வகுத்த கொள்கை மற்றொரு வரி. சிறு உடைமையாளருக்குக் கடன் வசதி இல்லையேல் அது ஏட்டளவில் நின்றுவிடும்.

மூன்றாவதே முக்கியம். 2019-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய குசும் திட்டத்தின்படி, விவசாயி தன் பம்பைச் சூரிய சக்தியால் இயக்கி, மிஞ்சியதை மின்வாரியத்திற்கு விற்கலாம். நியாயமான விலையைத் தவணை தவறாமல் தந்தால், இறைக்காத நீரும் அவனுக்கு வருமானமாகும். தண்ணீரைச் சேமிக்க உபதேசம் செய்வதைவிட, சேமித்தவனுக்கு லாபம் காட்டுவதே சிறந்த ராஜதந்திரம்.

பைகாராவின் பயன் முதலில் ஆலைகளைச் சேர்ந்தது. இம்முறை திட்டத்தின் முதல் வரி குடியானவனின் கிணற்றிலிருந்து தொடங்கட்டும். அதற்காகக் குரல் எழுப்புவது தேசத் தொண்டர்களின் கடமையாகும்.