ஒரு கையால் திறக்கும் கத்தி

சென்ற மார்கழி விடுமுறைக்குச் சுவிற்சர்லாந்திலிருந்து வந்திருந்த என் தமக்கையின் மகன், பயணப் பெட்டியின் அடியிலிருந்து இரண்டு மடக்குக் கத்திகளை எடுத்து மேசைமேல் வைத்தான். விமானத்திலே கைப்பையிற் கொண்டுவர இயலாத பொருள்களாதலால் அவை துணிமணிகளுக்கு நடுவே பத்திரமாகப் பயணஞ் செய்திருந்தன. ஒன்று சிறியது; வெள்ளிபோல் மின்னும் அலுமினியப் பிடியுடையது. மற்றது பெரியது, பச்சை நிறப் பிடியிற் கறுப்புப் பட்டைகள் பதித்தது.

"மாமா, பச்சை எனக்கு ஆமியிலை தந்தது. வெள்ளை, பக்கத்து வீட்டுப் பெரியவர் தந்தது. அவர் ஆமியிலை நிண்ட காலத்துக் கத்தி. என்ரை கத்தியைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது" என்று கூறிச் சிரித்தான் அவன்.

பேர்ண் நகரிலே பிறந்து, அந்நாட்டின் குடிமகனாகி, அந்நாட்டு இளைஞர்க்குரிய படைப்பயிற்சியையும் முடித்தவன் அவன். அவனுடைய நாட்டிலே ஒரு சட்டைப்பைக் கத்தியின் வடிவம் மாறியதைப்பற்றி மனிதர் இரு கட்சியாய் நின்று வாதாடுகின்றனர் என்றபோது எனக்கு முதலில் நகைப்புத்தான் உண்டாயிற்று. ஆனால், இரு கத்திகளையும் மாறி மாறிக் கையிலெடுத்துப் பார்த்து, அவற்றின் வரலாற்றையுந் தேடிப் படித்தபின்னர், அவ்வாதம் வெறுங் கத்தியைப் பற்றியதன்று என்பது விளங்கலாயிற்று.

சிவப்புக் கத்தி படைக்கத்தியன்று

சுவிற்சர்லாந்துப் படைக்கத்தி என்றதும் நம்மவர் கண்முன் தோன்றுவது செந்நிறப் பிடியும், வெண்சிலுவையும், தக்கை திருகியும் உடைய கத்தியே. புலம்பெயர்ந்த உறவினர் கொண்டுவந்து தந்த அத்தகைய கத்தி இன்று யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் உண்டு. ஆயினும் அச்சிவப்புக் கத்தியை அந்நாட்டுப் படை தன் வீரர்க்கு ஒருபோதும் வழங்கியதில்லை. அது 1897 ஆம் ஆண்டு யூன் மாதம் 12 ஆந் திகதி சட்டப்படி பதிவுசெய்யப்பட்ட 'அதிகாரிகள் கத்தி'. அதிகாரிகள் தத்தம் பணத்திலே கடையில் வாங்கி வைத்துக்கொண்டது. இரண்டாம் உலகப்போரின் பின் ஐரோப்பாவில் நின்ற அமெரிக்கச் சிப்பாய்கள் அதனை விரும்பி வாங்கினர். அதன் நீண்ட ஜேர்மன் பெயர் நாவிற் புரளாமையாற் 'சுவிஸ் ஆமிக் கத்தி' என்று அவர்களிட்ட பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. நியூயோர்க் நகரத்து நவீன கலை அரும்பொருட்சாலையில் இடம்பெற்றதும் அந்தச் சிவப்புக் கத்தியே.

உண்மையான படைக்கத்தியோ பகட்டில்லாதது. அதிலே தக்கை திருகி என்றும் இருந்ததில்லை. சாதாரண வீரனுக்கு வைன் போத்தல் திறக்கும் அலுவலைப் படை விதிக்கவில்லை போலும்! அவனுக்கு வேண்டியவை மூன்று: உணவு வெட்ட ஓர் அலகு, தகரப்பேணி திறக்க ஒரு கருவி, 1889 ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட ஒரு திருகாணிச் செலுத்தி. இவற்றோடு துளையிடும் ஊசியொன்றும் சேர்ந்து 1890 ஆம் ஆண்டு மாதிரிக் கத்தி உருவாயிற்று.

இதிலொரு வேடிக்கையுமுண்டு. சுவிற்சர்லாந்தின் பெருமையென உலகம் போற்றும் இக்கத்தியின் முதற்றொகுதி ஜேர்மனியிலுள்ள சோலிங்கன் நகரிலேயே செய்யப்பட்டது. அவ்வளவு பெருந்தொகையிற் செய்து கொடுக்கும் வல்லமை அக்காலச் சுவிஸ் பட்டறை எதற்கும் இருக்கவில்லை. ஷ்விற்ஸ் மாநிலத்து இபாக் என்னுமூரில் 1884 ஆம் ஆண்டு பட்டறை தொடங்கிய கார்ள் எல்சனர் என்பவர் இந்நிலை கண்டு மனம் பொறாது, நாட்டிலுள்ள கத்தித் தொழிலாளரை ஒரு சங்கமாகத் திரட்டினார். 1891 ஆம் ஆண்டில் அவர் படைக்குக் கத்திகள் வழங்கலானார். ஆனால் சோலிங்கன் ஆலைகளின் விலையோடு போட்டியிட இயலவில்லை. சங்கத்தார் ஒவ்வொருவராக விலகினர். எல்சனர் கடனில் மூழ்கி, உறவினர் கைகொடுத்தமையாற் கரையேறினார். தமக்குத் துணைநின்ற தாயார் விக்டோரியா 1909 இல் இறந்தபின் அவர் பெயரையே தம் கத்திகளுக்கு இட்டார். 1921 ஆம் ஆண்டளவிற் கறைபடா உருக்கு வந்தபோது அதனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முற்பகுதி அதனோடு சேர, விக்டோரினொக்ஸ் என்ற பெயர் பிறந்தது.

பிரெஞ்சு மொழி வழங்கும் டெலமொன் நகரத்து வெங்கர் நிறுவனமும் படைக்குக் கத்தி செய்தது. ஜேர்மன் மொழிப் பகுதிக்கு ஒன்று, பிரெஞ்சு மொழிப் பகுதிக்கு ஒன்று என இரு நிறுவனங்களுக்கும் அரசு வேலையைப் பங்கிட்டது. மொழியாற் பகை மூளாதிருக்கக் கத்தியையும் பங்கிட்ட அந்த விவேகத்தை நாம் இங்கிருந்து சற்றே ஏக்கத்தோடு பார்க்கலாம். வெங்கர் நிறுவனம் 2005 இல் விக்டோரினொக்ஸோடு சேர்ந்தது.

மெலிந்து வந்த கத்தி பருத்த கதை

வடிவ மாற்றம் இக்கத்திக்குப் புதிதன்று. முதற்கத்தியின் ஓக் மரப்பிடி எண்ணெயூட்டிக் கறுப்பாக்கப்பட்டது. கத்தியின் நிறை ஏறக்குறைய 144 கிராம். 1908 ஆம் ஆண்டு மாதிரியில் மரத்தின் இடத்தை அழுத்திய நார்ப்பலகை பிடித்தது. நிறை 125 கிராமாயிற்று. 1951 ஆம் ஆண்டு மாதிரி கறைபடா உருக்கினால் ஆனது. 100 மில்லிமீற்றரிலிருந்து 93 மில்லிமீற்றராகக் குறுகி, 90 கிராமுக்கு இறங்கியது. 1961 இல் வந்த அலுமினியப் பிடிக் கத்தியோ வெறும் 72 கிராம். பெரியவர் என் மருமகனுக்குக் கொடுத்தது இந்த மாதிரியே.

எழுபது ஆண்டுகளாக ஒவ்வொரு மாற்றமும் கத்தியை மெலிய வைத்தே வந்தது. வேண்டாதவற்றைக் களைந்து களைந்து, இனிக் களைய ஒன்றுமில்லை என்ற நிலையில் நின்றது 1961 ஆம் ஆண்டுக் கத்தி. பிடியிலே கண்ணறைபோன்ற சிறு புள்ளிக்கோலம். ஓரத்திலே சின்னஞ்சிறு செங்கேடயம். அலகின் அடியிலே செய்யப்பட்ட ஆண்டின் முத்திரை. காற்சட்டைப் பையில் இட்டால் இருப்பதே தெரியாது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அந்நாட்டு ஆடவரின் இளமையோடு அது கூடவே இருந்தது.

அக்கத்தியை மாற்றப் படை தீர்மானித்தபோது முதற் குழப்பம் வடிவத்தாலன்று, கேள்விப்பத்திரத்தால் எழுந்தது. உலக வர்த்தக விதிகளின்படி எந்நாட்டவரும் விலை கூறலாம் என்றதும், சீனாவிற் செய்த கத்தியைச் சுவிஸ் வீரன் சுமக்க நேருமோ என்று மக்கள் பதைத்தனர். முதற்கத்தி அயல்நாட்டிலிருந்தே வந்தது என்பது அப்போது எத்தனைபேர் நினைவில் இருந்ததோ! முடிவில், 2008 இல் விக்டோரினொக்ஸ் நிறுவனமே அவ்வேலையைப் பெற, 2009 முதல் புதிய வீரர்கட்கு அக்கத்தி வழங்கப்படலாயிற்று.

அது 111 மில்லிமீற்றர் நீளம். 131 கிராம் நிறை. எழுபது ஆண்டுகளாக இறங்கிய தராசுத்தட்டு ஒரே துள்ளலில் மரப்பிடிக் காலத்தின் அண்மைக்கே மீண்டுவிட்டது. மரம் அரியும் வாளும், நட்சத்திரத் தலைத் திருகாணிக்குரிய செலுத்தியும் புதிதாகச் சேர்ந்தன. அலகின் ஒரு பகுதி அலையலையான பற்களுடையது. பிடியிலுள்ள கறுப்புப் பட்டைகள் ஈரக்கையிலும் வழுக்காதவை. எல்லாவற்றுக்கும் மேலாக, அலகிலே பெருவிரல் நுழையும் துளையொன்று. அதில் விரலை வைத்துத் தள்ளினால் ஒரு கையாலேயே கத்தி திறக்கும், திறந்ததும் பூட்டிக்கொள்ளும்.

இரு கட்சியார்

புதிய கத்தியை வரவேற்போர் கூறும் நியாயம் வலியது. பனிமலையிலே கையுறை அணிந்தவன் பழைய அலகின் சிறு பள்ளத்தில் நகத்தை நுழைப்பது எங்ஙனம்? ஒரு கையாற் கயிற்றைப் பற்றித் தொங்குபவன் மறு கையால் மட்டுமே கத்தியைத் திறக்க வேண்டுமல்லவா? காயமுற்ற தோழனின் வாரை அறுக்க வேண்டிய வேளையில் இரு கைக்கு எங்கே போவது? பூட்டு இல்லாத அலகு, அழுத்தி வேலை செய்கையில் மடிந்து விரலைப் பதம்பார்த்த அனுபவம் கத்தி பாவிக்கும் எவருக்கும் உண்டு. அலுமினியக் கத்தி அழகுதான். அழகு வெட்டுக்காயத்தைத் தடுக்குமா என்பர் இவர்கள்.

மறுசாரார் சளைத்தவரல்லர். 'இதனைச் சட்டைப்பையில் இட்டால் ஒருபக்கத் தோள் சாய்கிறது. அரைப்பட்டியிற் பையொன்று கட்டவேண்டியிருக்கிறது. அப்புறம் இதற்குச் சட்டைப்பைக் கத்தியென்று பெயர் எதற்கு?' என்பது முதற்குறை. அலையலையான பல்லை வீட்டுச் சாணைக்கல்லில் தீட்ட முடியாதென்பது இரண்டாவது. அலகு ஒருபுறம் மட்டும் சரித்துத் தீட்டப்பட்டிருத்தலால் வலக்கையருக்கே அது வாய்ப்பானது. இடக்கையன் என்ன பாவஞ் செய்தான் என்பது மூன்றாவது. கடைகளில் ஏற்கெனவே விற்ற பெரிய கத்திகளுக்குத் தம்பியாகப் பிறந்த இதிற் படைக்கே உரிய தனிமுகம் இல்லை என்று சேகரிப்போர் முகஞ் சுளித்தனர்.

இடைநின்று பார்க்குமிடத்து, இரு கட்சியும் வேறு வேறு கத்தியைப் பற்றியே பேசுகின்றன எனத் தோன்றுகிறது. முன்னவர்க்குக் கத்தி, இக்கட்டான ஒரு நாளைக்கு வேண்டிய பொருள். பின்னவர்க்கோ, அப்பிளும் பாணும் பென்சிலும் சீவும் ஆயிரம் சாதாரண நாள்களுக்கு வேண்டிய பொருள். படைவீரனிடம் முன்னையது இருக்கவேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் சுவிற்சர்லாந்தின் வீரன் ஆண்டிற் பெரும்பகுதியும் வயலிலும் வங்கியிலும் வேலைசெய்யும் சாதாரண குடிமகன். அவனுடைய வீட்டுக்கு எக்கத்தி போகவேண்டும் என்பதே வினா.

துளையும் சட்டமும்

இவ்வினாவைச் சட்டமும் வந்து சிக்கலாக்கியது. அதே 2008 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் முதல் ஜேர்மனியில், ஒரு கையாற் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொதுவிடங்களிற் கொண்டுதிரிதல் குற்றமாயிற்று. பிரித்தானியாவிலும், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியையே காரணங் கூறாது கொண்டுசெல்லலாம். ஆக, பழைய படைக்கத்தியோடு எல்லை தாண்டி உலாவப் போனவன், புதியதோடு போனாற் பொலிசாருக்குக் காரணஞ் சொல்லவேண்டியவனானான்.

அடுத்த வீட்டுப் பெரியவரின் மனக்குறையும் இதுவே என்று மருமகன் சொன்னான். நிறையோ பச்சை நிறமோ அவருக்குப் பொருட்டன்றாம். கத்தியைத் திறக்க இரு கை வேண்டும். இரு கையையும் கொடுக்கும் அந்தக் கணத்திலே மனிதன் தான் செய்யப்போவது என்னவென்று அறிந்துகொள்கிறான். அக்கணத்தை எடுத்துவிட்டால் கருவி ஆயுதத்துக்கு ஒருபடி கிட்டப் போய்விடுகிறது என்பாராம் அவர்.

பெரியவர் சொல்வதிற் பாதிதான் உண்மை. பொல்லாதவன் கையில் இரண்டு கையாற் திறக்கும் கத்தியும் கொல்லும். ஆயினும் மறுபாதியை நான் தள்ளிவிட முடியாதவனாயிருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் ஐயாவிடம் கொம்புப் பிடியிட்ட வில்லுக்கத்தி ஒன்றிருந்தது. பாக்கு நறுக்குவதும், மாங்காய் சீவுவதும், எங்கள் பென்சில்களைக் கூராக்குவதும், வேலிக்கட்டின் நாரை அறுப்பதும் அதனாலேதான். வில் இறுகியது, இரண்டு கையாலும் பலங்கொண்டு திறக்கவேண்டும். எண்பதுகளில், தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி வந்த காலத்திலே, ஒருநாள் ஐயா அதனை வேட்டி மடியிலிருந்து எடுத்துத் துணியிற் சுற்றி அலுமாரியில் வைத்தார். 'இனி இதைக் காவிக்கொண்டு திரியேலாது' என்பதன்றி வேறொன்றும் அவர் சொல்லவில்லை. அதன்பின் அது மடியேறவில்லை. கத்தியில் ஒரு மாற்றமும் நிகழவில்லை. அதனைப் பார்க்கும் கண்கள்தாம் மாறிவிட்டன.

கத்தி செய்வோரும் இதனை அறியாதவரல்லர். 2001 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அமெரிக்காவில் நடந்த கொடுமையின் பின்னர் விமானங்களிற் கத்திகள் தடைப்பட்டபோது, அந்நிறுவனத்தின் கத்தி விற்பனை மூன்றிலொரு பங்களவு வீழ்ந்தது. 2024 ஆம் ஆண்டில், அலகே இல்லாத சட்டைப்பைக் கருவியொன்றை உருவாக்கி வருவதாக நிறுவனத்தின் தலைவர் அறிவித்தார். அலகுள்ள கத்திகளும் தொடர்ந்து வரும் என்றபோதிலும், 'அலகில்லாத கத்தியும் ஒரு கத்தியா?' என்று அன்பர்கள் ஆரவாரித்தனர். துளையிட்ட அலகை வெறுத்தவர்கள் இனி அந்த அலகுக்காகவே வழக்காட வேண்டிவருமோ, யாரறிவார்!

பழைய கத்தியை விரும்புவோர்க்கு ஓர் ஆறுதலுண்டு. படை கைவிட்ட அந்த அலுமினியக் கத்தியின் வடிவம் 'பயனியர்' என்ற பெயரிற் கடைகளுக்கென வந்துகொண்டிருக்கிறது. வீரனின் கத்தி குடிமகனுக்கும், குடிமகனின் கத்திகளுக்குத் தம்பியான புதியது வீரனுக்கும் ஆக, இரண்டும் இடம் மாறிக்கொண்டன எனலாம்.

விடைபெறும்போது, இரண்டில் எது வேண்டுமென்று மருமகன் கேட்டான். பச்சைக் கத்தி அவன் உழைத்துப் பெற்றது. வெள்ளைக் கத்தி அவனுக்கு ஒருவர் மனமுவந்து தந்தது. இரண்டும் வேண்டாமென்றேன். அலுமாரியைத் திறந்து, துணிச்சுற்றை அவிழ்த்து, அவன் ஒருபோதும் காணாத அவனது பாட்டனாரின் வில்லுக்கத்தியை அவனிடம் கொடுத்தேன். அவன் வழக்கம்போலப் பெருவிரலால் அலகிலே துளையைத் தேடினான்.

"இதுக்கு இரண்டு கையும் வேணும், தம்பி" என்றேன்.