நிலக்கடலை வடிவக் கணக்குப்பிள்ளை

இரண்டு பருப்புள்ள நிலக்கடலை, நடுவில் ஒடுங்கி இருபுறமும் புடைத்திருக்கும். அதே வடிவில் இரண்டு உலோக ரோட்டர்கள். ஒன்று நிமிர்ந்து நிற்கும்போது மற்றது படுத்திருக்கும். இரண்டும் எதிரெதிராகச் சுழலும், ஆனால் ஒன்றையொன்று தொடாது, இடைவெளி மயிரிழைதான். அந்த இடைவெளியைக் காப்பது வெளியே இருக்கும் பற்சக்கர ஜோடி. தொழிற்சாலைக்குக் குழாயில் வரும் எரிவாயுவை அளக்கும் ரோட்டரி மீட்டரின் உள்ளே இருப்பது இவ்வளவே.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கம்பளி ஆலை நடத்திய ரூட்ஸ் சகோதரர்கள் நீர்ச்சக்கரத்துக்கு மாற்று தேடப் போய், காற்று ஊதும் கருவியைக் கண்டார்கள். 1860-ல் காப்புரிமை. அதையே திருப்பிப் போட்டால் மீட்டர்: காற்றை ரோட்டர் தள்ளாது, வாயு ரோட்டரைத் தள்ளும்.

அளக்கும் விதம் நம் படிக்கணக்குதான். ரோட்டருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு படி வாயு சிக்கும்; ஒரு சுற்றுக்கு நான்கு படி. சுற்றை எண்ணினால் அளவு வந்துவிடும்.

சிக்கல் வேறிடத்தில். ரோட்டர் சீராகச் சுழன்றாலும் வாயு சீராக வெளியேறாது. ஒரு ரோட்டரின் முனை மற்றதன் இடுப்பை நெருங்கி நிற்கும் கணத்தில் வெளியேற்றம் மிகக் குறைவு. அங்கிருந்து 45 பாகை திரும்பி, இரண்டின் விலாவும் நடுவில் சந்திக்கும்போது மிக அதிகம். ஒரு சுற்றில் இப்படி நான்கு ஏற்ற இறக்கம். இந்தத் துடிப்பு குழாயின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால் குழாய் உறுமும்; அதே பாதையில் டர்பைன் மீட்டர் இருந்தால் அது அளவைக் கூட்டிக் காட்டும்.

மூன்று மடல் (புடைப்பு) உள்ள ரோட்டர் போட்டால் துடிப்பு ஆறாகி, ஒவ்வொன்றும் சிறுக்கும். ஆனால் அதே கூட்டுக்குள் சுற்றுக்குச் சிக்கும் வாயு குறையும். ஊதுகருவிகளில் மடலையே முறுக்கி விடுவார்கள், கடைந்தெடுப்பது பெரும்பாடு. எனக்குப் பிடித்தது இரட்டை ஜோடி முறை. ஒரே மீட்டருக்குள் இரண்டு ரோட்டர் ஜோடிகள், ஒன்றுக்கொன்று 45 பாகை தள்ளி. ஒன்று இறங்கும் நேரத்தில் மற்றது ஏறும். பெரும்பகுதித் துடிப்பு அங்கேயே அடங்கிவிடும். சின்னச் சின்ன நடுக்கம் மிஞ்சும்தான்.

ஆகவே மீட்டர் வாங்குபவர்கள் விலைப்பட்டியலோடு நிற்க வேண்டாம். குழாய் குட்டையாக இருந்து, பர்னரோ ரெகுலேட்டரோ பக்கத்திலேயே இருக்கிறதென்றால், இரட்டை ஜோடி கிடைக்குமா என்று கேளுங்கள்.