கல்லீரல் நோயும் மதுவும்

“சிறிதளவு அருந்தினால் என்ன கேடு வந்துவிடும்?” என்னும் கேள்வியைத் திருமண வீடுகளிலும் நம் இல்லங்களிலும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்பவர் கல்லீரல் நோயுற்றவராயின், அஃது உயிரைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. அதற்கு விடை காணுமுன், கல்லீரல் ஆற்றும் தொழிலை அறிதல் வேண்டும்.

வலப்புற விலா எலும்புகளின் அடியில் அமைந்த இவ்வுறுப்பு, வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 1½ கிலோ எடையுள்ளது. பித்தநீர் சுரத்தல், உணவுச் சத்தைச் சேமித்தல், குருதி உறைதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குதல் முதலியன இதன் பணிகள். மதுவிலுள்ள சாராயச் சத்தின் பெரும்பகுதியைச் சிதைப்பதும் இதுவே. அச்சத்து முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாகிறது. பின்னரே தீங்கு குறைந்த அசிட்டேட்டாக மாறுகிறது. இடையிற் பிறக்கும் அந்நச்சு ஈரலின் உயிரணுக்களை வதைக்கிறது.

இக்கேட்டினைப் பொதுவாக மூன்று படிகளாகப் பகுப்பர். முதற்படி, ஈரலிற் கொழுப்புப் படிதல். இந்நிலையில் மதுவை அறவே விட்டவர்க்குச் சில வாரங்களிலேயே ஈரல் பெரும்பாலும் தேறிவிடும். ஆயின் அப்போது நோவு தோன்றாமையின், பலர் அதனை அறிவதில்லை. இரண்டாம் படி அழற்சி. மூன்றாம் படி ‘சிரோசிஸ்’. நல்ல உயிரணுக்கள் மடிந்து அவ்விடத்தே தழும்பு மண்டுகிறது. மகோதரம், இரத்த வாந்தி, அறிவு மயக்கம் ஆகியன அதன் விளைவுகள்.

“என் நோய் மதுவால் வந்ததன்று, மஞ்சட்காமாலைக் கிருமியால் வந்தது” என்பார் சிலர். மாட்டின் கழுத்துப் புண் எதனால் வந்ததாயினும், நுகத்தடி அழுத்தினால் அது பெருகத்தானே செய்யும்? “பீர் மென்மையானது” என்பார் வேறு சிலர். கணக்கிட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 5 பங்கு சாராயச் சத்துள்ள 650 மில்லி பீரில் அச்சத்து 32½ மில்லி; நூற்றுக்கு 42.8 பங்குள்ள 60 மில்லி பிராந்தியில் ஏறத்தாழ 26 மில்லி. மென்மை எங்கே?

நலமுள்ளவர்க்கும் தீங்கற்ற மது அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. எனவே, ஈரல் நோயுற்றவர்க்கு உரிய விடை ஒன்றே: ஒரு துளியும் வேண்டா. சிரோசிஸ் கண்ட பின்னரும், குடியை நிறுத்தியவர் நிறுத்தாதவரினும் நெடிது வாழ்தல் கண்கூடு. ஆதலின், “இனி நிறுத்தி என்ன பயன்?” என மனந்தளர வேண்டுவதில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், நடுக்கமும் வலிப்பும் சித்தப் பிரமையும் தோன்றி உயிருக்கே இடர் விளையலாம். தந்தையின்மீதுள்ள அன்பினாற் புட்டியை ஒளித்துவைக்கும் மகனும் மகளும் இதனை அறிதல் வேண்டும். ஒளித்து வைப்பதை விடுத்து, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் மேற்பார்வையிலேயே அவர் குடியை நிறுத்தட்டும். அன்போடு அறிவும் துணை நின்றாலன்றோ உயிர் காக்கப்படும்?