ஊசி போட்டாச்சா? அரை மணி நேரம் உட்காருங்க!

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். தேனி மாவட்டம் பொட்டிப்புரம், தேவாரம் வட்டாரத்திலும் அப்படித்தான்.

ஊசி போட்டதும் "அரை மணி நேரம் இருந்துட்டுப் போம்மா" என்பார் நர்சம்மா. தாய்மார்களுக்கோ ஆயிரம் வேலை. ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் வட்டாரம் இது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது!

10 லட்சம் ஊசிக்கு ஒன்று

ஊசி போட்டால் காய்ச்சல், வீக்கம் வரும். அது சகஜம். சுமார் 10 லட்சம் ஊசிக்கு ஒரு குழந்தைக்கு மட்டும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் கடும் அதிர்ச்சி ஏற்படும். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு, வாந்தி. குழந்தை துவண்டு விழும்.

பள்ளிக்கூடத்தில் பெரிய பிள்ளைகள் ஊசியைப் பார்த்தே மயங்குவது வேறு. படுக்க வைத்தால் எழுந்துவிடும்.

தொடையில் அட்ரினலின்

இதற்கு மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கச் சதையில் உடனே போட வேண்டும். டாக்டர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், முதல் ஊசியை நர்சே போடலாம் என்பது மத்திய அரசின் விதிமுறை. "அவில் போட்டாச்சு, சரியாயிடும்" என்று இருந்தால் ஆபத்து. குழந்தையைத் தூக்கி நிறுத்தாமல் படுக்க வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். குணமானாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம். அதனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும். தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி க.விலக்கில் இருக்கிறது.

திருவள்ளூர் சோகம்

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. தமிழகமே பதறியது. அதன் பிறகு ஊர் ஊராகப் போய் ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், டாக்டர் இருக்கும்போதுதான் ஊசி என்றானது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வாமை என்பது எங்கோ ஒரு குழந்தைக்கு வருவது. ஒரே நாளில் பல குழந்தைகள் விழுந்தால் மருந்தையும், அதைக் கலந்த விதத்தையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அட்டையில் எழுதுங்க

ஒரு தடவை இப்படி வந்த குழந்தைக்கு அதே தடுப்பூசியைத் திரும்பப் போடக்கூடாது. மற்ற ஊசிகளை டாக்டரைக் கேட்டுப் போடலாம். எந்த ஊசிக்கு, எத்தனை நிமிடத்தில், என்ன ஆச்சு என்பதைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை வேறு நர்சு இருந்தாலும் அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.