கொயர் என்னும் சொல்லின் சரித்திரம்

கிறிஸ்தவ தேவாலயங்களில் ஆராதனை வேளையில் வரிசையாக நின்று, பல குரல்கள் இசைந்து கீதம் பாடும் குழுவினரைக் ‘கொயர்’ என்று வழங்குகிறோமே, அந்தச் சொல் பிறந்த காலத்தில் அதற்குப் பாட்டைக் காட்டிலும் கூத்தோடுதான் நெருங்கிய சம்பந்தம் இருந்தது என்றால், அக்குழுவினர் அசையாது நின்று பாடுவதையே கண்டு பழகியவர்களுக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

கிரேக்க பாஷையில் ‘கொரோஸ்’ என்பது பலர் கூடி ஆடும் நடனத்துக்கும், அதை ஆடுகிற கூட்டத்துக்கும் பெயராக வழங்கிற்று. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில், ஏதென்ஸ் நகரத்துத் தியோனீசஸ் தெய்வத்தின் உற்சவத்தில், நகரத்தின் பத்துக் குலங்களும் குலத்துக்கு ஐம்பது பேராகக் குழு அனுப்ப, அவர்கள் வட்டமாகச் சுற்றி ஆடிக்கொண்டே துதிப்பாடல் பாடிப் போட்டியிடுவார்கள். சோக நாடகத்தில் பன்னிருவராக இருந்த குழுவைப் பதினைவராக்கியவர் நாடகாசிரியர் சோபக்ளீஸ் என்பர். ஹாஸ்ய நாடகத்துக்கோ இருபத்து நால்வர். அவர்கள் ஆடிய களத்துக்கு ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்று பெயர். அந்தப் பெயர் பிற்காலத்தில் வாத்தியக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது தனிக் கதை.

குழுவைப் பயிற்றுவிக்கும் செலவையும் உடைகளின் செலவையும் செல்வந்தர் ஒருவர் ஏற்கவேண்டும் என்பது நகரத்தின் விதி. நம் கோயில் உபயகாரரைப் போல அவரும் தம் பெயர் நிலைக்க வேண்டுமென்று விரும்பினார் என்பதற்கு, கி.மு. 335-334-இல் தம் சிறுவர் குழு வென்றதன் ஞாபகமாக லைசிக்ரேட்டஸ் எழுப்பிய மண்டபம் இன்றும் ஏதென்ஸில் சாட்சியாக நிற்கிறது.

இச்சொல் ‘கோரஸ்’ என்று லத்தீனில் புகுந்து சபையை அடைந்தபோது, கூத்தரங்குகளைக் கடிந்து பேசிய சபைப் பிதாக்களின் நடுவே ஆடல் கழன்று பாடல் மட்டும் எஞ்சியது. பீடத்தை அடுத்துக் குருமார் நின்று பாடிய பகுதிக்கும் அதே பெயர் ஏற்பட்டு, சிற்ப சாஸ்திரிகள் பேராலயங்களின் அந்தப் பாகத்தை இன்றும் அவ்வாறே குறிப்பிடுகிறார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்லை அங்கே முன்னாளில் ‘குவையர்’ என்ற ஒலிக்கு ஏற்பவே எழுதினார்கள். 1662-ஆம் வருஷத்து ஆங்கிலத் திருச்சபை ஜெப புஸ்தகத்தில் அந்தப் பழைய எழுத்தைக் காணலாம். லத்தீன் மூலத்துக்கு மரியாதை காட்டப் பிற்பாடு எழுத்தை மாற்றிய பண்டிதர்கள் உச்சரிப்பை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள். படிக்கும் பிள்ளைகளுக்கு அது வீண் தொல்லை என்பதே என் அபிப்பிராயம்.

கிரேக்கர்களோ இன்றைக்கும் ‘கொரோஸ்’ என்றால் நடனத்தைத்தான் கருதுகிறார்கள். பாடகர் குழுவுக்கு அவர்கள் ‘கொரோதியா’ என்று வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள்.