சில துளி இரத்தமும் சரியான மருந்தளவும்

ஒரே நோய்க்காக ஒரே மருந்தை ஒரே அளவில் உட்கொள்ளும் இருவரின் இரத்தத்தில் அம்மருந்தின் செறிவு ஒன்றாக இருப்பதில்லை. வயது, உடல் எடை, சிறுநீரகம் மற்றும் கல்லீரலின் செயல்திறன், பரம்பரைக் கூறுகள், உடன் உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியன இதற்குக் காரணமாகும். பல மருந்துகளில் இவ்வேறுபாட்டால் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆனால் பயன் தரும் அளவிற்கும் நஞ்சாகும் அளவிற்கும் இடைவெளி குறுகிய மருந்துகளில் நிலைமை வேறு.

வலிப்பு நோய்க்குத் தரப்படும் பெனிடாயின் இதற்குத் தக்க சான்றாகும். இது இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருத்தல் வேண்டும் என்பது பொதுவான வரையறை. குறைந்தால் வலிப்பு மீளக்கூடும். மிகுந்தால் தள்ளாட்டமும் மனக்குழப்பமும் தோன்றும். இம்மருந்தை அகற்றும் கல்லீரலின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டாதலால், மாத்திரையின் அளவைச் சிறிதே கூட்டினாலும் இரத்தச் செறிவு மிகுதியாக உயர்ந்துவிடலாம்.

அளவிடுவதில் உள்ள இடர்ப்பாடு

நாள் முழுவதும் பலமுறை இரத்தம் எடுத்துச் சோதித்தால் மருந்தின் ஏற்ற இறக்கம் தெளிவாகும். ஆயினும் பச்சிளங் குழந்தைகளிடமும் நலிந்த நோயாளிகளிடமும் இது இயலாது. செலவும் ஆய்வுக்கூடப் பணிச்சுமையும் பெருகும். எனவே ஓரிரு அளவீடுகளைக் கொண்டே எஞ்சியதைக் கணிக்கும் முறை தேவைப்படுகிறது.

கணிப்பின் அடிப்படை

மருந்து உடலில் பரவிய பின் ஒரு நோயாளியின் இரத்தச் செறிவு 32 மைக்ரோகிராம் எனவும், 6 மணி நேரம் கழித்து 16 எனவும் கொள்வோம். பாதியாகக் குறைய 6 மணி நேரம் ஆகிறது. அடுத்த 6 மணி நேரத்தில் அது 8 ஆகும் எனக் கணிக்கலாம்.

ஒரே ஓர் அளவீடுதான் உள்ளதெனில், அவரையொத்த நோயாளிகள் பலரிடம் முன்னர் அறியப்பட்ட சராசரியும், அச்சராசரியிலிருந்து மனிதருக்கு மனிதர் காணப்படும் விலகலும் துணைக்கு வருகின்றன. அளவீட்டில் பிழை மிகுதியாக இருக்கக்கூடுமெனில் சராசரிக்கும், மனிதரிடையே வேறுபாடு மிகுதியெனில் அளவீட்டிற்கும் கூடுதல் மதிப்புத் தரப்படும். 18ஆம் நூற்றாண்டின் தாமஸ் பேய்ஸ் வகுத்த நிகழ்தகவுக் கோட்பாடே இதற்கு அடிப்படை. 1970களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ஷைனரும் அவருடன் பணியாற்றியோரும் இதனை மருந்தளவு நிர்ணயத்திற்குப் பயன்படுத்தினர். வழக்கமான சிகிச்சையின்போது ஒவ்வொருவரிடமும் ஓரிரு முறை எடுத்த அளவீடுகளைத் திரட்டியே மக்கள்தொகைச் சராசரியைப் பெறலாம் என்பதையும் 1977இல் அவர்கள் காட்டினர். வான்கோமைசின் என்னும் கிருமிக்கொல்லி குறித்து 2020இல் வெளியான அமெரிக்க வழிகாட்டு நெறிகளும் இம்முறையை ஏற்றுள்ளன.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, சராசரி எந்த மக்களுடையது என்பதாகும். காசநோய் மருந்தான ஐசோனியாசிட்டை மெதுவாகச் சிதைக்கும் உடலியல்பு ஜப்பானியரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே உண்டு. இந்தியரிலோ பாதிக்கு மேற்பட்டோருக்கு உண்டு. ஒரு நாட்டின் சராசரியைப் பிறிதொரு நாட்டில் அப்படியே கையாண்டால் கணிப்பு பிறழும். ஆகவே நம் மருத்துவமனைகளின் அளவீடுகள் முறையாகத் தொகுக்கப்படுதல் இன்றியமையாதது.

இரண்டாவது, நேரக் குறிப்பு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இரண்டாம் முறை இரத்தம் எடுத்தது உண்மையில் 4 மணி நேரத்திலேயே எனில், மருந்து பாதியாகும் காலம் 4 மணியே. 6 மணி எனத் தவறாகப் பதிவு செய்தால், கணித்ததைவிட விரைவில் மருந்து குறைந்து நோய் ஓங்க இடமுண்டாகும். கணிப்பொறி எத்துணை நுட்பமானதாயினும் இப்பிழையைத் தானே அறிந்து திருத்திவிடும் என நம்புவதற்கில்லை.

மருந்து செலுத்திய நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் செவிலியர் பிழையின்றிக் குறிப்பதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. விலையுயர்ந்த கருவிகளுக்கு நிதி ஒதுக்கும்போது, இவ்வெளிய ஒழுங்கும் பயிற்சியும் உடன் இடம்பெறுதல் வேண்டும். அப்போதுதான் சில துளி இரத்தம் நோயாளிக்கு முழுப் பயனைத் தரும்.