ஒரு நோட்டுப் புத்தகத்தின் கேள்வி

பர்கூரில் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, தொழிற்சாலைப் பேருந்துக்காக நெடுஞ்சாலையோரம் காத்து நிற்கும் இளம்பெண்களை நாள்தோறும் காண்கிறேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறக் கூட்டம் அது. அண்மையில் அவர்களுள் ஒருத்தி என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். "சாமி, இரவு வேலை முடிந்து வந்து எழுதியது. இதையெல்லாம் யார் புத்தகமாகப் போடுவார்கள்?" என்று வினவினாள்.

இக்கேள்வியை நம் நாட்டில் முன்னரே சிலர் தம் கேள்வியாக ஏற்றுக்கொண்டனர். 1984-ஆம் ஆண்டு ஊர்வசி புட்டாலியா, ரிது மேனன் என்னும் இருவர் தில்லியில் 'காளி ஃபார் விமன்' என்ற பதிப்பகத்தைத் தோற்றுவித்தனர். பெண்ணுரிமையையே நோக்கமாகக் கொண்டு இந்தியாவில் எழுந்த முதல் பதிப்பகம் அதுவே.

1989-இல் அது வெளியிட்ட ஒரு நூல், இராஜஸ்தான் கிராமப் பெண்கள் 75 பேர் கூடி உருவாக்கியது. பெண்ணின் உடலைப் பற்றி எளிய மக்களுக்கு விளக்கும் நூல் அது. ஆடையற்ற படங்களை ஊரார் ஏற்கவில்லை. ஆகவே, ஆடையணிந்த உருவத்தின்மேல் உள்ள தாள் மடிப்பை உயர்த்தினால் மட்டுமே உடலமைப்பு தெரியுமாறு செய்தனர். 75 பேருமே ஆசிரியர்களாகக் குறிக்கப்பெற்றனர்.

2003-இல் அப்பதிப்பகம் இரண்டாகப் பிரிந்தது. அவற்றுள் ஒன்றான 'சுபான்', பேபி ஹால்தாரின் தன்வரலாற்றை 2006-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. பன்னிரண்டு வயதில் மணமாகி, பின்னர் பிள்ளைகளுடன் தில்லிக்கு அருகே வந்து வீட்டு வேலை செய்தவர் அவர். வேலைக்கமர்த்திய பேராசிரியர் பிரபோத் குமார் நோட்டும் பேனாவும் தந்து எழுதத் தூண்டினார். அவர் தந்த பொருளின் விலை சிறிது, பயனோ பெரிது.

தொலைவில் உள்ளோரைப் பாராட்டுவது எளிது. 1992-இல் நம் தமிழில் வெளிவந்த பாமாவின் 'கருக்கு', திருச்சபைக்குள்ளும் துறவு மடத்திற்குள்ளும் நிலவிய சாதி வேற்றுமையை வெளிப்படையாகக் கூறியது. அதை வாசித்தபோது குருவாகிய நானும் தலைகுனிந்தேன். நீதி நமக்கு இனிக்கும் சொற்களில் மட்டுமே வருவதில்லை.

அந்த நோட்டை முழுவதும் வாசித்தேன். அவள் இசைவுடன் ஒன்றை மட்டும் கூறுகிறேன். இரவெல்லாம் நின்று ஈட்டும் சம்பளம் முழுவதும் அண்ணன் கைக்குச் செல்கிறது. பேனா வாங்கவும் அவனிடமே கேட்க வேண்டும். தொழிற்சாலையைப் பற்றிய முறையீட்டை எதிர்பார்த்துப் புரட்டிய எனக்கு, நம் வீட்டைப் பற்றிய முறையீடே கிட்டியது.

அச்சிடுவோரைத் தேடுவோம் என்று அவளுக்கு வாக்களித்துள்ளேன். பெற்றோர்களே, உங்கள் மகளும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம். அதைப் பறிக்காதீர்கள், அவள் உழைப்பின் ஊதியத்தை அவள் கையிலேயே கொடுங்கள். நாளை அது நூலாகும்போது, நம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கும் என்பதை இன்றே சிந்திப்போமாக.